பாய்மரத்தை நிமிர்த்தும்போது பாதி வழியில் பக்கவாட்டில் சாய்கிறது, என்ன செய்யலாம்?

தாமிரபரணிப் படகு (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 17 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. கைமாறி வந்த பழைய படகு. வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கும். லீவு நாளில் காருக்குப் பின்னால் மாட்டிப் புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய் ஆற்று முகத்தில் இறக்குவேன்.

பாய்மரம் 22 அடி அலுமினியம், சுமார் 20 கிலோ. கேபின் கூரைமேல் ஒரு கீலில் நிற்கிறது, பின்பக்கமாக மடங்கும். நான் கூரைமேல் நின்று மரத்தைத் தோளுக்குத் தூக்கி முன்னால் நடப்பேன், கூட வருகிறவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று முன் கம்பியை இழுப்பார். பாதி உயரம் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் மரம் திடீரென்று இடதுபக்கமோ வலதுபக்கமோ சரிகிறது. இப்போது கீலின் தகடே வளைந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால் "மூணு பேர் வேணும் சார், அவ்வளவுதான்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது ஆளுக்கு நான் எங்கே போக?

இன்னொன்று. எப்படியோ நிமிர்த்தினாலும் முன் கம்பியின் துளை அணியத்துக் கொக்கிக்கு 4 செ.மீ. எட்டாமல் நிற்கிறது. பெரிய கீலாக ஒன்று செய்து போட்டால் எல்லாம் சரியாகுமா?

மணப்பாட்டுக்காரன்

தம்பி, கீல் கதை அப்புறம். நிமிர்த்துகிற இடத்தில் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். கடற்கரை ஊர்களில் மின்கம்பி எங்கே குறுக்கே போகும் என்று சொல்ல முடியாது. அலுமினிய மரமும் எஃகுக் கம்பியும் உயர் அழுத்த லைனைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே பாய்ந்துவிடும். மரத்தை நிமிர்த்திய பிறகு டிரெய்லரை நகர்த்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

அடுத்தது காற்று. கச்சான் (மேற்கிலிருந்து வருகிற காற்று) அடிக்கிற மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று சும்மா விடாது, காற்றாலைக்காரர்கள் முப்பந்தலைத் தேடி வந்ததே அதனால்தான். விடிந்ததும் வேலையை முடித்துவிடுங்கள். படகின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். புன்னைக்காயலில் கடல் கிழக்கே, டிரெய்லரைக் கடல் பக்கமாகப் பின்னால் தள்ளி நிறுத்தினால் மூக்கு தானாகவே மேற்கே பார்க்கும். பக்கக் காற்றில் மட்டும் தொடவே தொடாதீர்கள்.

எங்கள் வள்ளத்தில் இந்தக் கம்பி வம்பே கிடையாது. சின்ன மரம், இரண்டு பேர் தூக்கிக் குழியில் இறக்கினால் முடிந்தது.

லேத்து அண்ணாச்சி (பேட்டை)

கீல் செய்து தரலாம். 8 மி.மீ. தகட்டில் வெட்டி 12 மி.மீ. ஆணி போட்டால் யானை இழுத்தாலும் வளையாது. உப்புக்காற்றுக்கு எவர்சில்வர் எஃகில் 304 ரகம் வேண்டாம், துருக்கறை பிடிக்கும், 316 கேளுங்கள். எஃகும் அலுமினியமும் நேராக உரசினால் உப்புத் தண்ணீரில் அலுமினியம்தான் அரிக்கும். அதனால் நடுவில் நைலான் வாஷர் வைக்க வேண்டும்.

கணக்கு டீச்சர் (மேலப்பாளையம்)

அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கள். கீல் வளைந்தது விளைவு, காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பெரிய கீல் போட்டால் அடுத்த தடவை அது வளையாது, அதற்குப் பதில் கூரையில் இருக்கிற போல்ட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

தம்பி, நாலு அளவு வேண்டும். மரத்தை இருபக்கமும் பிடிக்கிற பக்கக் கம்பி மரத்தில் மாட்டியிருக்கும் இடம் கீல் ஆணியிலிருந்து எவ்வளவு உயரம்? கம்பியின் கீழ்முனை மாட்டுகிற பட்டா, ஆணியைவிட எவ்வளவு கீழே, எவ்வளவு பின்னால் இருக்கிறது? படகின் அகலம்? ஆணியிலிருந்து அணியத்துக் கொக்கி எவ்வளவு தூரம்?

தாமிரபரணிப் படகு

டீச்சர், டேப் பிடித்துப் பார்த்தேன். உயரம் 540 செ.மீ. பட்டா ஆணியைவிட 45 கீழே, 30 பின்னால். அகலம் 180. அணியத்துக் கொக்கி 200 முன்னால், அதுவும் 45 கீழேதான்.

கணக்கு டீச்சர் (மேலப்பாளையம்)

சரி, இப்போது விஷயம் தெளிவு. மரம் நேராக நிற்கும்போது பட்டாவிலிருந்து மேல் முனைக்கு 593 செ.மீ. தூரம். உங்கள் பக்கக் கம்பியின் நீளம் அதுதான். மரம் 45 டிகிரி சாய்ந்திருக்கும்போது அதே இரு முனைகளுக்கும் நடுவில் 560தான் இருக்கிறது. படுத்த நிலையில் 520. அதாவது பாதி வழியில் இரண்டு பக்கக் கம்பியும் 32, 33 செ.மீ. தொளதொளவென்று தொங்குகின்றன. அந்தத் தொளதொளப்பில் மேல்முனை இருபக்கமும் ஆறேழு அடி போய்வரலாம். அதுவரை பக்கவாட்டில் மரத்தைப் பிடித்திருப்பது கீல் மட்டுமே. 22 அடி நெம்புகோலை ஒரு தகடு எவ்வளவு நேரம் தாங்கும்?

கீழே படுத்திருக்கும்போது தொளதொளப்பு இன்னும் அதிகம், ஆனால் மரம் அப்போது பின்பக்கத் தாங்கலிலும் உங்கள் தோளிலும் இருக்கிறது. உயரம் கூடக்கூடத் தோள் கீலுக்குக் கிட்டே வந்துவிடுகிறது, உங்கள் பிடிக்குப் பலம் போய்விடுகிறது. பாதிக்கு மேல்தான் சரிகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

பட்டா ஆணிக்கு நேர் பக்கத்தில், அதே உயரத்தில் இருந்திருந்தால் கம்பியின் நீளம் கடைசிவரை மாறாது. கூரைமேல் மரம் வைத்த படகுகளில் அந்த அமைப்பு கிடைப்பது அபூர்வம்.

லேத்து அண்ணாச்சி (பேட்டை)

டீச்சர் சொல்வது நியாயம். வளைந்த தகட்டை மட்டும் மாற்றித் தருகிறேன்.

உவரி, இப்போ கொச்சி

நான் படகு ரிப்பேர் யார்டில் வேலை பார்க்கிறேன். இதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகம் ஆகாது.

மரத்தில் ஆணியிலிருந்து ஆறரை அடி உயரத்தில் இரண்டு தற்காலிகப் பக்கக் கயிறு கட்ட வேண்டும். அதன் கீழ்முனை, டீச்சர் சொன்ன மாதிரி, ஆணியின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஆனால் அங்கே வெறும் காற்றுதான் இருக்கிறது, கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் பக்கத்துக்கு ஒரு எஃகு வளையம். வளையத்திலிருந்து ஒரு கயிறு பின்னால் இறங்கிப் பட்டாவுக்கு, இன்னொன்று முன்னால் இறங்கித் தளத்தில் ஒரு ஐ-போல்ட்டுக்கு (தலையில் வளையம் உள்ள போல்ட்). மேலே மரத்துக் கயிறு. எல்லாம் இறுக்கமாக இருக்கும்போது வளையம் அந்தரத்தில் ஆணியின் உயரத்தில் நிற்கும். ஒரு வளையத்திலிருந்து மற்றதுக்கு, கொத்தனார் பிடிக்கிற மாதிரி நூல் பிடித்துப் பாருங்கள். நூல் ஆணியை ஒட்டிப் போக வேண்டும். ஒரு இஞ்ச் தப்பினாலும் ஏறும்போது கயிறு தொய்யும் அல்லது தெறிக்கும்.

கயிறு பாலியெஸ்டர் 6 மி.மீ. வாங்குங்கள். மீன்பிடிக் கடையில் நைலானை எடுத்துத் தருவார்கள். அது இழுபடும், வேண்டாம்.

அடுத்து, முன் கம்பியை நேராகக் கையால் இழுப்பதை நிறுத்துங்கள். மரம் படுத்திருக்கும்போது அந்தக் கம்பி மரத்தோடு ஒட்டியே ஓடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் மரத்தைக் கீலுக்குள் தள்ளுமே தவிரத் தூக்காது. ஏழு அடிக் கம்பு ஒன்றை மரத்தின் அடியில், மரத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் கீழ்முனையைக் கவை மாதிரி வெட்டினால் மரத்தின் முன்பக்கத்தில் பொருந்தி உட்காரும். கம்பின் நுனியிலிருந்து முன் கம்பி மரத்துக்குப் போகும், இந்தப் பக்கம் நாலு மடங்குக் கப்பி அணியத்துக்கு வரும். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றுக்கு உங்களிடம் கப்பி இருக்குமே, அதுவே போதும். பல்லுள்ள பிடிப்பான் இருப்பதால் நடுவில் கையை விட்டாலும் நிற்கும். கயிறு மட்டும் 15 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

முக்கியமானது: இந்தக் கம்புக்கும் இருபக்கமும் கயிறு வேண்டும், அதையும் அதே வளையத்தில் கட்டுங்கள். மரம் படுத்திருக்கும்போது நிற்கிற கம்பு வளையத்தை மேலே இழுத்துப் பிடிக்கும். கம்பு முன்னால் படுத்ததும் மரம் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கம்பை விட்டுவிட்டால் தொடக்கத்தில் வளையம் கீழே தொங்கிவிடும், பாடுபட்டதெல்லாம் வீண்.

தாமிரபரணிப் படகு

உவரி அண்ணாச்சி, கம்புக்குச் சவுக்கு போதுமா? கட்டடச் சாரத்துக்கு வாங்கியது வீட்டில் கிடக்கிறது. பாரம் எவ்வளவு வரும்?

கணக்கு டீச்சர் (மேலப்பாளையம்)

20 கிலோ மரம், எடைமையம் ஆணியிலிருந்து சுமார் 3.2 மீட்டரில். கம்பின் நுனி 2 மீட்டர் உயரம், கொக்கி 2 மீட்டர் முன்னால் என்று வைத்தால் தொடக்கத்தில் கப்பியில் 45 கிலோ வரும். நாலு மடங்கு என்றால் கைக்கு 11, உராய்வையும் சேர்த்தால் 15 கிலோ. ஒரு குடம் தண்ணீர். ஏற ஏறக் குறையும்.

உவரி, இப்போ கொச்சி

மணிக்கட்டுப் பருமன் இருந்தால் சவுக்கு தாராளம். வெடிப்பு இல்லாததாகப் பாருங்கள். கடையாலில் (படகின் பின்முனையில்) மரத்தைத் தாங்க உயரமான கவைக்கம்பு ஒன்று வையுங்கள், தொடக்கப் பாரம் இன்னும் குறையும்.

இழுக்கிற ஆள் அணியத்தில் நிற்கட்டும். நீங்கள் கம்பிகளைக் கவனியுங்கள். கம்பியை இறுக்குகிற மரைத் திருகு, அதான் டர்ன்பக்கிள், தளத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஏறினால் மரை வளைந்துவிடும். ஜன்னல் ஓரத்திலும் கம்பி கொக்கி மாதிரி மாட்டும். கனமாகத் தோன்றினால் வலுவாக இழுக்காதீர்கள், நிறுத்திவிட்டு எது மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இறக்குவதுதான் உண்மையில் ஆபத்து. கம்பு, வளையம், கப்பி எல்லாம் கட்டி இறுக்கிய பிறகே முன் கம்பியின் ஆணியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் கழற்றினால் மரம் நேராகப் பின்னால் வரும். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பாடு.

மணப்பாட்டுக்காரன்

டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமலே செய்யுங்கள், சக்கரத்துக்கும் கல் கொடுங்கள். கழற்றிய டிரெய்லரில் இரண்டு பேர் பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

தாமிரபரணிப் படகு

வாசலிலேயே கட்டிப் பார்த்தாச்சு. மரம் ஆடாமல் ஏறியது. கப்பியை இழுத்தது என் தங்கச்சி, அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. தெருவில் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள், கொடிமரமா என்று ஒரு தாத்தா கேட்டார். இடது வளையம் கொஞ்சம் தாழ்ந்திருந்ததால் கடைசியில் அந்தப் பக்கக் கயிறு தெறிப்பாக நின்றது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

முன் கம்பி மட்டும் இன்னும் அதே 4 செ.மீ. எட்டவில்லை. கம்பியை நீளமாக்கவா?

கணக்கு டீச்சர் (மேலப்பாளையம்)

வேண்டாம். உங்கள் பட்டா பின்னால் இருப்பதால் பக்கக் கம்பிகள் மரத்தைப் பின்னாலும் இழுக்கின்றன. அவை ஒரு செ.மீ. குட்டையாக இருந்தால் மரம் இரண்டு டிகிரி பின்னால் நிற்கும், முன் கம்பிக்கு ஆறு செ.மீ. பற்றாமல் போகும். உங்களுக்கு 4 என்றால் பக்கக் கம்பி 6, 7 மி.மீ. அதிகமாக இறுகியிருக்கிறது. எம்8 டர்ன்பக்கிளில் இரண்டு முனையிலும் மரை ஓடுவதால் ஒரு சுற்றுக்கு 2.5 மி.மீ. இருபக்கமும் மூன்று சுற்று தளர்த்துங்கள். முன் கம்பியை மாட்டிய பிறகு அதே மூன்று சுற்றை இறுக்கினால் போதும்.

லேத்து அண்ணாச்சி (பேட்டை)

இறுக்கிய பிறகு டர்ன்பக்கிளுக்குப் பிளவு ஆணி போட்டு டேப் சுற்றிவிடுங்கள், ஆட்டத்தில் தானாகச் சுழன்று கழன்றுவிடும். கீல் தகடு ரெடி. வரும்போது பழைய ஆணியையும் கொண்டுவாருங்கள், துளை அளவு பார்த்துப் போட்டுத் தருகிறேன்.