அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குள் சிரித்தே இனவெறியைக் கடப்பது சரிதானா?

மூத்தவள்:
வீட்டுக்குள் சிரித்துக்கொள்வதால் இனவெறியின் காயம் ஆறாது, மூடித்தான் போகும் என்று போன வாரம் இந்த இணையக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. பள்ளி நாட்களில் நானும் என் கூடப்பிறந்த தம்பியும் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். "அது சரி, உண்மையில் நீ எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் ஒரு மார்க். "எங்கள் மொழியை நன்றாகப் பேசுகிறாயே" என்றால் இரண்டு. கடையில் காவலாளி பின்னாலேயே வந்தால் ஐந்து. ராத்திரி படுக்கும்போது கூட்டிப் பார்ப்போம். ஜெயித்தவருக்கு ஜன்னலோரப் படுக்கை. அது இல்லாமல் அந்த வருடங்களைத் தாண்டியிருக்க மாட்டோம்.

கடைக்குட்டி:
எழுதியது நான்தான், அக்கா. எனக்கு எட்டு வயதில், வகுப்பில் பக்கத்திலிருந்த பையன் என் கையைத் தொட்டுவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வீட்டில் வந்து சொன்னேன். "சாயம் ஒட்டுதான்னு பார்த்திருப்பான்" என்றார் பெரியண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பத்து வருடம் வீட்டில் எதையும் சொல்லவில்லை.

மூத்தவள்:
படிக்கவே வலிக்கிறது, தம்பி. ஆனால் நானும் என் தம்பியும் சிரித்தது அப்படிக் கேள்வி கேட்டவர்களைப் பார்த்து, எங்கள் தோலைப் பார்த்து அல்ல. மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் இந்தச் சின்னக் குத்தல்களுக்கு 1970-ல் 'மைக்ரோஅக்ரெஷன்' என்று பெயர் வைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் அற்பம், சேரச் சேரத்தான் பாரம் என்றார். வெளியே சொன்னால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்பார்கள். கூட்டிப் பார்க்க எனக்கு ஓர் ஆள் இருந்தான்.

நடுப்பிள்ளை:
ராட் மார்ட்டினும் சக உளவியலாளர்களும் 2003-ல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்கள்: உறவை நெருக்கமாக்குவது, தனக்கே தெம்பு தருவது, அடுத்தவரைக் குத்துவது, தன்னையே மட்டம்தட்டுவது. கடைசி வகை அதிகமாக இருந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தெரிந்தன. அக்கா சொல்வது முதல் வகை. அந்த அண்ணன் செய்தது குத்தல்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாமே.

கடைக்குட்டி:
வகை பிரித்தால் தீருமா? அண்ணனும் நெருக்கத்தில்தான் சொன்னார். அவருக்கும் அதே தோல். அக்கா, விளையாடப் பிடிக்காத நாள் உங்கள் தம்பிக்கு இருந்ததா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

மூத்தவள்:
கேட்டதில்லை. நேற்று ராத்திரி போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னான், பேருந்தில் ஒருவர் அவன் மேல் துப்பினாராம். "அதுக்கு எத்தனை மார்க் போடுறதுன்னு தெரியலக்கா, அதான் சொல்லல." பதினாறு வருடமாக எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டு எங்களைக் காப்பாற்றியது என்பதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதில் சேராதது எதுவும் என்னிடம் வரவே இல்லை.

கடைக்குட்டி:
நேற்று சிரித்தீர்களா?

மூத்தவள்:
இல்லை. விடிய விடியப் பேசினோம்.

கடைக்குட்டி:
என் அண்ணனிடம் நான் கேட்பதும் அது ஒன்றைத்தான், அக்கா.