லூவர் வேண்டாம் என்பவருக்கு எந்த அருங்காட்சியகம்?

முத்தியால்பேட்டை வாத்தியார்:
பணி ஓய்வுக்குப் பிறகு முதல் வெளிநாட்டுப் பயணம். மகள் சூரிக்கில் இருக்கிறாள். பாரிசுக்கும் அழைத்துப் போகிறேன் என்கிறாள். அங்கே லூவர் அருங்காட்சியகத்தில் 77 சென்டிமீட்டர் உயரமுள்ள மோனலிசாவை நூறு கைப்பேசிகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. அதிகம் பெயர் அடிபடாத ஓவிய, சிற்ப அருங்காட்சியகங்களைச் சொல்லுங்கள்.

குருசுக்குப்பம்:
ஐயா, சூரிக்கிலேயே ரீட்பெர்க் இருக்கிறது. எடுவார்ட் ஃபான் டெர் ஹைட் என்ற வங்கியாளர் கொடுத்த தொகுப்பைக் கொண்டு 1952-இல் திறந்தார்கள். பூங்கா நடுவே பழைய மாளிகை. உள்ளே சோழர் காலத்து நடராசர். நெதர்லாந்து வரை ரயில் ஏற முடிந்தால் ஓட்டர்லோவில் உள்ள க்ரோலர்-முல்லரை விடாதீர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்தபடியாக வான்கோவின் படைப்புகள் அதிகம் இருப்பது அங்கேதான். ஓவியங்கள் மட்டும் 90-ஐ நெருங்கும். 1888-இல் அவர் வரைந்த இரவுநேரக் காப்பிக் கடை வெளிமுற்ற ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. அது இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் சுற்ற வெள்ளை சைக்கிள் இலவசம். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

விருத்தாசலத்தான்:
நடராசரைப் பார்க்க சூரிக் போக வேண்டுமா? கடலூர் வழியாகச் சிதம்பரம் பஸ் ஏறினால் போதாதா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர் விருத்தகிரீசுவரர் கோயிலின் புறச்சுவர் மாடத்தில் நின்ற அர்த்தநாரீசுவரர், 2004-இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கினார்கள். அது எங்கள் சாமிதான் என்று காட்டிக்கொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1974-இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-இல் திரும்பி வந்தது. அன்றிலிருந்து, யாராவது ஓர் அருமையான சின்ன அருங்காட்சியகம் என்று சொன்னால், சரக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

குருசுக்குப்பம்:
கேளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் எல்லாருக்கும் ஒரே முத்திரை குத்தாதீர்கள். சிட்னி சிலையை அங்கே போய்ப் பார்த்தவர்களும் பட்டியலைப் புரட்டியவர்களும் இருந்ததால்தான் திருட்டு வெளியே வந்தது. எல்லாரும் சிதம்பரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் அது இன்னமும் அங்கேதான் இருக்கும்.

நம் ஊர் மட்டும் சுத்தமா? காஞ்சிபுரத்து யோகினி என்னும் பெண் தெய்வச் சிலைகளை 1920-களில் சி. டி. லூ என்ற பாரிஸ் கலைப்பொருள் வணிகருக்கு அனுப்பியவர், புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய். அவற்றில் ஒன்று இப்போது பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாத்தியார் ஐயா அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

தேவனாம்பட்டினம்:
இரண்டு பேருக்கும் ஒத்துவரும் இடம் ஒன்று சொல்கிறேன். வியட்நாமில் தா நாங் நகரத்துச் சாம் சிற்ப அருங்காட்சியகம். சாம் என்பவர்கள் அங்கே முன்பு அரசாண்ட மக்கள். 1919-இல் பிரெஞ்சுக்காரர்கள் திறந்தது. சிவன், பிள்ளையார், லிங்க பீடங்கள் எல்லாம் அந்த மண்ணின் மணற்கல்லிலேயே செய்தவை. யாரும் கடல் கடத்தவில்லை. த்ரா கியூ பீடத்தின் ஓரத்தில் ஆடும் பெண்ணின் முன் சற்றுக் குனிந்து நில்லுங்கள். உடல் மூன்றாக வளைந்திருக்கும், ஒரு கை தலைக்கு மேல் போகும், இடையில் மணிச்சரங்கள் அடுக்கடுக்காகத் தொங்கும். நம் கோயில்களில் நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஆனால் முகம் முற்றிலும் வேறு. உதடு தடித்து, புன்னகை ஓரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் எந்த நடராசரைப் பார்த்தாலும் இந்த வியப்பு கிடைக்காது, அவர் நமக்குத் தெரிந்தவர்.

விருத்தாசலத்தான்:
இதை ஏற்கிறேன். உள்ளூர்க்காரர் கையில் இருக்கிறது.

குருசுக்குப்பம்:
அதுவும் கோயிலிலிருந்து பெயர்த்து வந்ததுதானே, அண்ணா? 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் சாம் கோயில்கள் இருக்கும் மீ சோனின் பெரிய கோயில் இடிந்து போனது. முன்பே அருங்காட்சியகத்துக்குப் போனவை தப்பித்தன. இதற்கு என்ன பதில்?

விருத்தாசலத்தான்:
விருத்தாசலத்தில் குண்டு விழவில்லை, தம்பி.

நெல்லித்தோப்பு:
சூரிக், சிட்னி, தா நாங் எல்லாம் இருக்கட்டும். செயின்ட் லூயி தெருவில் உள்ள நம் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குள் உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? 1945-இல் தொல்லியலாளர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேட்டிலிருந்து கிடைத்த பொருள்கள், சோழர் செப்புத் திருமேனிகள், ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. பாரதி பூங்காவில் காற்று வாங்க வருகிறவர்கள் தெருவைக் கடந்து உள்ளே வருவதில்லை.

முத்தியால்பேட்டை வாத்தியார்:
நான் போயிருக்கிறேன், மாணவர்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். ரீட்பெர்க் உறுதி, கிமேயும் பார்க்கிறேன். தா நாங் அடுத்த வருடம், ஓய்வூதியம் இடம் கொடுத்தால்.

விருத்தாசலத்தான்:
ஐயா, சிலைக்குப் பக்கத்துக் குறிப்புப் பலகையில் எந்த ஆண்டு, யாரிடம் வாங்கியது என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். இல்லாவிட்டால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

குருசுக்குப்பம்:
ஆக, போகச் சொல்கிறீர்கள்.