சித்திரையில பூக்குற செவப்புப் பந்து அல்லியமா?

பாளை மாடித்தோட்டம்: 'அலங்கார வெங்காயம், அல்லியம் மல்டிஃப்ளோரம்'னு சீட்டு ஒட்டி நர்சரியில செவப்புப் பந்துப் பூவை விக்காவ. இங்கயும் ஒருத்தர் அதே பேர்ல படம் போட்டிருக்காரு. அது ஸ்கடாக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ். இலையைக் கசக்கி மோந்து பாருங்க. அல்லியம்னா வெங்காயம், பூண்டு சேந்த இனம்; வெங்காய வாடை இல்லன்னா அல்லியம் இல்ல.

தென்காசிச் சாரல்: படம் போட்டது நாந்தான். ரெண்டும் அமரில்லிடேசியே குடும்பம். வெங்காயக் குடும்பத்தை அதுல 2009-லயே சேத்தாச்சு. பின்ன என்ன தப்பு?

பாளை மாடித்தோட்டம்: எலுமிச்சையும் கருவேப்பிலையும் ஒரே குடும்பந்தான். எலுமிச்சைன்னு கருவேப்பிலையைக் குடுத்தா வாங்குவீரா? ஸ்கடாக்ஸஸ் இலை அகலம், நடுநரம்பு எடுப்பாத் தெரியும், காம்புக வாழை மட்டை மாதிரி சுத்தித் தண்டா நிக்கும். அல்லியத்துல இதெல்லாம் எங்க பாத்தீரு? முதல்ல மோந்து பாரும்.

அம்பை வயக்காடு: வாடை, வாடைங்கீரே, துல்பாகியா வயலேசியா இலையைக் கசக்கினா பூண்டு வாடை தூக்கியடிக்கும். அது அல்லியமா? துல்பாகியாப் பூவோட தொண்டையில செதில் மாதிரி மகுடம் இருக்கும், அல்லியத்துக்கு அது கிடையாது. உம்ம சோதனை செல்லாதுவே.

பாளை மாடித்தோட்டம்: திருப்பி வாசியும். வாடை இல்லன்னா அல்லியம் இல்லன்னேன். வாடை இருந்தாலே அல்லியம்னு எங்க சொன்னேன்? நரிவெங்காயத்துக்கு ட்ரிமியா இண்டிகான்னு சொல்லச் சொல்ல, உர்ஜீனியான்னு ரெண்டு நாள் மல்லுக்கு நின்னவருதானே நீரு!

அம்பை வயக்காடு: பழைய பேரையும் போட்டாத்தான் பழைய புத்தகம் வச்சிருக்கவனுக்கு வெளங்கும். ஸ்கடாக்ஸஸும் ஒருகாலத்துல ஹீமாந்தஸ்தான். அதை ஏன் முழுங்கிட்டீரு?

பாளை மாடித்தோட்டம்: ரஃபினெஸ்க்ங்கிற தாவர அறிஞர் 1838-லயே பேரை மாத்திட்டாரு. இன்னுமா?

குறுக்குத்துறை: அல்லியம்னு எழுதாதீய, அல்லிப்பூன்னு நெனப்பாவ. ஆலியம்னு எழுதுங்க.

பாளை மாடித்தோட்டம்: ஆலியம்னா ஆலமரம்னு நெனைக்க மாட்டாவளா? பேச்சை மாத்தாதீய. பெரிய பந்து பூக்குற அல்லியம் ஜைகாண்டியம் ரெண்டு மூணு மாசம் கடுங்குளிர்ல கிடந்தாத்தான் பூக்கும். நம்மூரு மார்கழி அதுக்குக் காணாது. இங்க லேசா வரக்கூடியது அல்லியம் டியூபரோசம். தட்டை இலை, நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ, கசக்கினா பூண்டு வாடை.

தென்காசிச் சாரல்: என் செவப்புப் பந்துக்கு எட்டு அங்குலத் தொட்டியில செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒண்ணு, மக்குன சாணி ஒண்ணு. கிழங்குக் கழுத்து மேல தெரிய நடணும். இலை பழுத்ததும் தண்ணியை நிறுத்தணும், இல்லாட்டி அழுகிரும். இத்தனையும் தெரிஞ்சவனுக்குப் பேரு தெரியாதாக்கும்? கிழங்கு வெங்காயம் மாதிரிதானே இருக்கு!

பாளை மாடித்தோட்டம்: அதான் பயமே. அந்தக் கிழங்குல லைகோரின்னு நஞ்சு இருக்கு. வெங்காயம்னு சீட்டு ஒட்டுனா யாராவது அரிஞ்சு கொழம்புல போட்டுருவாவ. படத்துல போட்ட பேரை மாத்தும்.

தென்காசிச் சாரல்: மாத்த மாட்டேன்.

பாளை மாடித்தோட்டம்: இலையை மோந்து பாத்தீரா, இல்லியா? அதைச் சொல்லும்.

அம்பை வயக்காடு: மறுபடியும் வாடையா!