இந்தோனேசியாவின் கிரக்காத்தாவ் எரிமலைத் தீவுப் பக்கம் படகில் போனவங்க இருக்கீங்களா?

சிப்புட்காரன்:
போன தீபாவளி லீவு. ஜகார்த்தாவிலிருந்து வேனில் சரிதா கடற்கரை, அங்கிருந்து படகு. வழியெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1883-இல் வெடித்த மலையைக் கிட்டப் பார்க்க எனக்குச் சின்ன வயசு ஆசை. கரையில் இறக்கிவிடுவதாகச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அனாக் கிரக்காத்தாவ் தெரிந்ததும் படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, இதற்கு மேல் கிடையாது என்றார். காசைத் திருப்பிக் கொடு என்று நான் மலாயில் கத்திக்கொண்டிருக்கிறேன், அம்மா மூக்கை உறிஞ்சி, "இங்கேயும் கந்தகம் அடிக்கிறாங்களாப்பா?" என்றார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷம் மரம் சீவியவர். ரப்பர் துளிர்விடும் காலத்தில் இலைநோய்க்கு விடியற்காலையில் பொடி அடிப்பார்களே, அந்த ஞாபகம். எல்லாரும் சிரித்துவிட்டோம். படகோட்டி சிரிக்கவில்லை. "2018 டிசம்பர் 22 ராத்திரி இதில் ஒரு பக்கம் கடலில் சரிந்தது. நிலம் ஆடியிருந்தாலாவது ஓடியிருப்போம். அலைதான் வந்தது. என் வீடு போச்சு" என்றார். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

லயத்து வீடு:
தம்பி, 1883-இல் வெடித்தது நீங்கள் பார்த்த மலை இல்லை. இது 1927-இல்தான் கடலுக்கு மேலே தலைகாட்டியது. 'அனாக்' என்றால் பிள்ளை என்று தெரியாதா? பழைய மலையின் மிச்சம், பக்கத்தில் செங்குத்தாக நிற்கிற ராகாத்தா. பிள்ளையும் 2018-இல் 338 மீட்டரிலிருந்து 110-க்கு இறங்கிவிட்டது.
எரிமலைத் தீவுக்கு இந்தோனேசியா எதற்கு? நம்ம மலேசியாவிலேயே, சபாவில், செம்பூர்ணா பக்கம், போஹே டூலாங்கும் அதை ஒட்டிய தீவுகளும் பழைய எரிமலை வாயின் விளிம்புதான். நடுவில் கடல் புகுந்து பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஏறி இறங்கிப் படகில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். கடலையே வீடாகக் கொண்ட பஜாவ் இனத்துப் பிள்ளை ஒன்று, ஆறு வயசு இருக்கும், பலகைத் துண்டால் துடுப்புப் போட்டு ஒட்டி வந்தது. பிஸ்கட் நீட்டினேன், வாங்கவில்லை. போத்தலைக் காட்டியது. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர். போத்தலில் கால்வாசிதான் இருந்தது.

பழைய கிராணி:
நான் போனது ஒரே தடவை. வாந்தியெடுத்துச் சாரோங் நனைந்ததுதான் மிச்சம், மலை கண்ணில் படவில்லை. ஆனால் போகிறவர்கள் கேளுங்கள். மாத்திரையை நம்ம டவுன் மருந்துக்கடையிலேயே வாங்கிவிடுங்கள். படகில் ஏறின பிறகு போட்டுப் புண்ணியமில்லை. வெறும் வயிறும் ஆகாது, கொஞ்சமாகப் பசியாறிக்கொள்ளுங்கள். முன்பக்கம்தான் தூக்கிப் போடும், பின்னால் உட்காருங்கள். மிதவைச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் படம் பிடிக்காதீர்கள். எரிமலை எச்சரிக்கை போடுகிற 'மாக்மா இந்தோனேசியா' இணையதளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். 'சியாகா' என்றிருந்தால் அது மூன்றாம் நிலை. அன்றைக்கும் இறக்கிவிடுகிறேன் என்று சொல்பவன் படகில் கால் வைக்காதீர்கள். சிப்புட்காரனின் படகோட்டி நல்ல மனுஷன்.

சிப்புட்காரன்:
அக்கா, 1883 கணக்கில் தோற்றேன், சரி. கிராணி அண்ணே, மருந்துச்சீட்டு யார் கேட்டது? எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பையன் மறுபடி வீடு கட்டிட்டானா, கேட்டியா?" என்கிறார். நான் பேரைக்கூடக் கேட்கவில்லை.