சாய்தளத்தில் வழுக்கினால் எடை ஏற்றுவதா? யார் சொன்னது?

அல்சூர் மெக்கானிக்:
"ரோபோ சாய்தளத்தில் வழுக்கினால் மேலே ஒரு கிலோ இரும்புத் தகடு வையுங்கள், பிடி கூடும்" என்று நேற்று இங்கே ஒருவர் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். எரிச்சலாக வருகிறது. எடை கூடினால் பிடி கூடும், சரி. கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடுமே! நான்கு சக்கரத்திலும் மோட்டார் இருந்து, உராய்வுக் கெழு, அதாவது சக்கரம் தளத்தைப் பிடிக்கும் அளவு, 0.6 என்றால் 31 டிகிரி சாய்வோடு சரி, அதற்கு மேல் வழுக்கும். வண்டி 3 கிலோவானாலும் 10 கிலோவானாலும் அதேதான்.

எஸ்.பி. ரோடு பாபு:
சொன்னது நான்தான். பேர் சொல்லியே கேட்டிருக்கலாம் சார். எடை வைத்தோம், ஏறியது. கண்ணால் பார்த்தது.

அல்சூர் மெக்கானிக்:
எங்கே வைத்தீர்கள் தம்பி?

எஸ்.பி. ரோடு பாபு:
பின் சக்கரத்துக்கு மேலே. மோட்டார் அங்கே மட்டும்தான். அப்புறம், நான் உங்களுக்குத் தம்பி இல்லை.

அல்சூர் மெக்கானிக்:
அப்போ ஏற்றியது எடை இல்லை, எடை இருந்த இடம். பேட்டரியைப் பின்னால் தள்ளியிருந்தாலே போதும். அதையும் உயரத்தில் வைக்கக் கூடாது. ஈர்ப்பு மையம் பின் சக்கரத்துக்கு 10 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால், 34 டிகிரியை நெருங்கும்போதே வண்டி மல்லாக்க விழும்.

எஸ்.பி. ரோடு பாபு:
விழவில்லையே. எடை வைத்தோம், ஏறியது.

கம்மனஹள்ளி அக்கா:
இரண்டு பேரும் மோட்டாரை மறந்துவிட்டீர்கள். 10 கிலோ வண்டியை 30 டிகிரியில் ஏற்றவே 49 நியூட்டன் விசை வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க பிள்ளைகள் போடும் எல்298என் போர்டு ஒரு சேனலுக்கு (மோட்டார் இணைப்புக்கு) 2 ஆம்பியர்தான் தாங்கும், வோல்ட்டையும் கொஞ்சம் தின்றுவிடும். பாதி ஏற்றத்தில் சக்கரம் சுற்றாமல் மோட்டார் முனகி நிற்கும், போர்டின் ஹீட்சிங்க்கில், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டில், விரல் வைக்க முடியாது. அது வழுக்கல் இல்லை, திணறல். அந்த நேரத்தில் தகடு ஏற்றினால் என்ன ஆகும்?

அல்சூர் மெக்கானிக்:
அந்த போர்டை விற்பதே பாபு கடைதானே அக்கா.

எஸ்.பி. ரோடு பாபு:
கடையை இழுக்காதீர்கள். போன வருஷம் நடுவராக உட்கார்ந்து, சக்கரத்தில் சொரசொரப்பான கிரிப் டேப் ஒட்டினோம் என்று எங்கள் அணியை வெளியே அனுப்பியவர் நீங்கள். விதியில் அப்படி ஒரு வரியே இல்லை.

அல்சூர் மெக்கானிக்:
தளத்தில் கீறல் விழக் கூடாது என்று இருந்தது. படித்துப் பாருங்கள். அதை விடுங்கள், தகட்டைக் கழற்றி, பேட்டரியைப் பின்னால் வைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

எஸ்.பி. ரோடு பாபு:
உங்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எடை வைத்தோம், ஏறியது.