100 டன் பிரஸ்: மதியத்துக்கு மேல் பிரஷர் நிற்கவில்லை, அவசரம்

கோவை_ரப்பர்:
ரப்பர் புஷ் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ், பிஎல்சியில் (புரோகிராம்படி இயக்கும் கன்ட்ரோலர்) ஓடுவது. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் 200 பாரில் நிறுத்தினால் ஒரு நிமிஷத்துக்குள் 170க்கு இறங்கிவிடுகிறது. புஷ் ஓரம் நிரம்பாமல் வருகிறது. புரோகிராமில் யாரும் கை வைக்கவில்லை. நாளை லோடு போகணும். உதவுங்கள்.

லேடர்_லாஜிக்:
170 திரையிலா, கேஜிலா? சென்சார் 0–250 பார், 4–20 மில்லி ஆம்பியர் என்றால் 200 பாரில் 16.8 காட்ட வேண்டும். கேஜ் அசையாமல் திரை மட்டும் இறங்கினால் ஒயரிங்கைப் பாருங்கள்.

சீல்கிட்:
சிலிண்டர் சீல் போயிருக்கும். எங்களுக்கும் இதேதான் ஆனது. மாற்றிவிடுங்கள்.

பழைய_பிட்டர்:
ராம் (ஆயில் தள்ளும் தண்டு) மேலே ஏறுவதா, கீழே இறங்குவதா? ஆயில் எவ்வளவு சூடு? ஹோல்டிங்கில், அதாவது பிரஷரைப் பிடித்து நிறுத்தும்போது, பம்ப் ஓடுமா? அடிப்படையைக்கூடச் சொல்லாமல் கேட்கிறீர்கள். அதற்குள் ஒருவர் சீலை மாற்றவே சொல்லிவிட்டார்.

கோவை_ரப்பர்:
மன்னிக்கணும் அண்ணா. கீழிருந்து ஏறுவது, ஒற்றை ராம் (ஒரு பக்கம் மட்டும் ஆயில் தள்ளுவது), விட்டம் 250 மி.மீ. ஹோல்டிங்கில் பம்ப் நின்றுவிடும். கேஜும் இறங்குகிறது. ஆயில் 46 கிரேடு (கெட்டித்தன்மை எண்), டேங்கில் 64 டிகிரி.

சீல்கிட்:
46ஆ? நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் கெட்டியான 68 ஊற்றுங்கள்.

லேடர்_லாஜிக்:
இப்போதைக்கு 190க்கு வந்ததும் பம்ப் மறுபடி ஓடும்படி புரோகிராமில் இரண்டு வரி சேருங்கள். லோடு போய்விடும்.

பழைய_பிட்டர்:
இரண்டுமே கோளாறை மூடி மறைக்கும் வேலை. ஒற்றை ராமில் சீல் கசிந்தால் கிளாண்டில் (ராம் வெளியே வரும் வாயில்) ஆயில் வழிவது கண்ணுக்கே தெரியும். அங்கே காய்ந்திருந்தால் ஆயில் உள்ளேயே டேங்குக்குத் திரும்புகிறது. ஆயில் திரும்பாமல் அடைக்கும் பைலட் செக் வால்வைப் பிரியுங்கள், அப்புறம் பிரஷர் விடும் சோலனாய்டு வால்வ் (மின்சாரத்தில் இயங்குவது). சூட்டில் ஆயில் இளகுவதால் மதியம் கசிவு கூடுகிறது.

லேடர்_லாஜிக்:
மறைக்கச் சொல்லவில்லை சார். லோடு போனதும் பிரிக்கட்டும் என்கிறேன். தினம் பில் போடுகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பழைய_பிட்டர்:
பாதி நிரம்பிய புஷ் திரும்பி வந்தால் அந்த பில்லை யார் கட்டுவது?

ஷிப்ட்_இன்சார்ஜ்:
சண்டை அப்புறம். தம்பி, பிரிக்குமுன் ராமை முழுக்க இறக்கி, மெயினை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே வேண்டாம். ஊசித் துளையில் பீறிடும் ஆயில் தோலுக்குள் இறங்கிவிடும். என்னோடு வேலை பார்த்தவர் ஒரு விரலை இழந்தார். முதலில் சின்னப் புள்ளிதான் தெரிந்தது, வலிகூட இல்லை.

கோவை_ரப்பர்:
செக் வால்வ் சீட்டில் (வால்வ் உட்கார்ந்து அடைக்கும் இடம்) ஒரு இழை காட்டன் வேஸ்ட் நூல். போன வாரம் டேங்கை அதால்தான் துடைத்தோம். எடுத்த பிறகு 90 வினாடி ஆகியும் 196இல் நிற்கிறது. லோடு ஏற்றுகிறோம். எல்லோருக்கும் நன்றி.

பழைய_பிட்டர்:
சரி. 64 டிகிரி ஏன்? கூலரில் தண்ணீர் ஓடுகிறதா?