மறு: ‘எல்லிஸ்’ என்ற ஒரே தலைப்பில் இத்தனை பேர் – ‘கவர்பெயர்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரே பெயரைத் தாங்கிய பலரையும் பல ஊர்களையும் ஓரிடத்தில் வரிசையாக வைத்து, ‘நீங்கள் தேடுபவர் இவரா, அவரா’ என்று காட்டும் பக்கத்துக்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்டு ஐயா இந்த இழையைத் தொடங்கினார். இதுவரை வந்த மடல்கள் சொல்லை மட்டுமே எடைபோட்டன. நான் அப்படி ஒரு பக்கத்தை எழுதிப் பார்த்துவிட்டு வருகிறேன். எடுத்துக்கொண்ட பெயர் எல்லிஸ். எலியாஸ் என்ற பழைய பெயரிலிருந்து கிளைத்து, இங்கிலாந்தில் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்.

தமிழருக்கு எல்லிஸ் என்றால் பிரான்சிஸ் வைட் எல்லிஸ்தான் (1777–1819). சென்னையில் கலெக்டராக இருந்தவர். தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816இலேயே சான்றுகளோடு எழுதியவர். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு அடிக்கச் செய்தவர். இராயப்பேட்டையில் அவர் வெட்டுவித்த கிணற்றின் கல்வெட்டு, ‘இருபுனலும் வாய்ந்த மலையும்’ என்ற 737ஆம் குறளை எடுத்துச் சொல்கிறது. அதில் அவர் பெயர் ‘எல்லீசன்’. ஆக, பக்கத்தின் முதல் வரியிலேயே எல்லிஸ், எல்லீஸ், எல்லீசன் என்று மூன்று எழுத்துக்கூட்டல்கள் வந்து நின்றன. மதுரை எல்லீஸ் நகரை நெடிலோடு தேடுகிறவர் குறிலில் இருக்கும் பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். இதை முதலில் தீர்க்காமல் எந்தச் சொல்லை வைத்தும் பயனில்லை.

அடுத்து இடங்கள். நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவுக்கு, ஒருகாலத்தில் அதன் உரிமையாளராக இருந்த சாமுவேல் எல்லிஸின் பெயர். 1892 முதல் 1954 வரை அங்கே குடியேற்ற நிலையம் இயங்கியது. ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு அமெரிக்காவின் முதல் வாசல் அதுதான். அதே 1892இல் அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின்மேல் எழுந்த இரும்புப் பாலம் எல்லிஸ் பாலம். அந்தப் பெயர் பாரோ ஹெல்பர்ட் எல்லிஸ் என்ற அதிகாரியுடையது. இருவருக்கும் நம் சென்னை எல்லிஸுக்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை.

என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அது நடந்தது ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில். வென்ற தென்னாப்பிரிக்க அணித் தலைவருக்கு மண்டேலா அங்கே கொடுத்தது வெப் எல்லிஸ் கோப்பை. மைதானத்தின் எல்லிஸ், அந்த நிலம் கிடைக்க வழிசெய்த நகரமன்ற உறுப்பினர். கோப்பையின் எல்லிஸ், 1823இல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதாகக் கதை சொல்லப்படும் பள்ளி மாணவர் வில்லியம் வெப் எல்லிஸ். ஒரு செய்தியை மொழிபெயர்க்கும் ஒருவர் இரண்டையும் ஒரே ஆளாக எண்ணிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, பாருங்கள். நாம் தேடும் சொல்லின் தேவை அந்த ஒரு மேடையிலேயே தெரிகிறது.

ஆட்களில் இன்னும் சிக்கல். ஒரு எண்மத்தை (‘ச’ முதல் மேல் ‘ச’ வரையுள்ள இடைவெளி, ஆங்கிலத்தில் ஆக்டேவ்) 1,200 சென்டுகளாகப் பகுத்து இசை இடைவெளிகளை அளக்க வழிசெய்த ஒலியியலாளர் அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் (1814–1890) பிறந்தபோது ஷார்ப். உறவினர் ஒருவரின் பொருளுதவிக்காக எல்லிஸ் ஆனார். வாரன் எல்லிஸ் என்ற பெயரில் இருவர் இன்று நம்மோடு வாழ்கிறார்கள்: ஒருவர் இங்கிலாந்தின் படக்கதை எழுத்தாளர், மற்றவர் ஆஸ்திரேலிய இசைக்கலைஞர். முழுப்பெயரே ஒன்றாகிவிட்டால் குடும்பப்பெயரை மட்டும் பிரித்துக் காட்டி என்ன செய்ய?

இனி சொல்லுக்கு வருகிறேன். விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாக வழங்கும் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ உழைத்து உருவாக்கிய சொல். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது போக்குவரத்து மாற்றம்போல ஒலிக்கிறது. ‘பக்கம்’ என்பது தாளா, ஓரமா என்ற ஐயமும் உடன் வருகிறது. மயக்கத்தை நீக்க வந்த சொல்லில் மயக்கம் இருக்கலாகாது. மதுரை நண்பர் முன்வைத்த ‘மயக்க நீக்கம்’ தொல்காப்பியம் படித்தவருக்கு இனிக்கும். மற்றவர்களுக்கு மருத்துவமனை நினைவுக்கு வந்துவிடும்.

அக்கா நிகண்டுகளை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதிகளை, சுட்டிக்காட்டியதற்கு மனமார்ந்த நன்றி. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதிக்கு ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’ என்றே பெயர். அதன் தொடக்கம், ‘பகவனே ஈசன் மாயோன் பங்கயன் சினனே புத்தன்’. பகவன் என்ற ஒரு சொல் சிவனை, திருமாலை, பிரமனை, அருகனை, புத்தனை என்று யார் யாரைக் குறிக்கும் என ஒரே அடியில் எண்ணிக் காட்டுகிறது. நாம் இன்று எழுதும் பக்கத்தைச் செய்யுளில் எழுதி வைத்திருக்கிறார்கள்! இருந்தும் ‘பல்பொருட்பெயர்’ என்று சுருக்கினால், தெருமுனைப் பல்பொருள் அங்காடி முன்னால் வந்து நிற்கிறது. ‘ஒருபெயர்த் தொகுதி’ என்றும் வைக்க முடியாது. நிகண்டுகளில் அது பல பொருள்களின் கூட்டத்துக்கு ஒரே பெயர் சொல்லும் வேறு தொகுதி.

என் பரிந்துரை ‘கவர்பெயர்’. கவர்தல் என்றால் பிரிதல், கிளைத்தல். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையவன் சொல்கிறான்: கொடும்பையின் நெடுங்குளக் கரையை அடைந்தால், ‘பிறைமுடிக் கண்ணிப் பெரியோன் ஏந்திய அறைவாய்ச் சூலத்து அருநெறி கவர்க்கும்’. சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. வலப்பக்கம் போனால் என்னென்ன வரும், இடப்பக்கம் திருமால்குன்றத்து வழியில் என்ன இருக்கும், நடுவழியில் எதற்கு அஞ்ச வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் தருகிறான். நாமும் ஒவ்வொரு எல்லிஸுக்கும் ஒரு வரி விவரம் தருகிறோம். அங்கே மூன்று வழியும் மதுரைக்கே போகும், இங்கே போகாது. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

உரையாசிரியர்கள் இருபொருள் படும் இடத்தைக் ‘கவர்பொருள்’ என்றார்கள். ஆகவே கவர்பெயர் வேரில்லாத ஆக்கம் அல்ல. என் தாத்தா வேலிமுள்ளைத் தள்ள ஒரு கவைக்கோல் வைத்திருந்தார். கைபிடித்துத் தேய்ந்து வழவழப்பான அடி ஒன்று. முள்ளை அழுத்தும் நுனி இரண்டு. எழுத்தில் பெயர் ஒன்றாக இருந்து, போய்ச் சேரும் ஆட்கள் வேறாகும்போது எனக்கு அந்தக் கோல்தான் கண்ணில் நிற்கிறது. ‘கவைப்பெயர்’ என்றே வைக்கலாமா என்றும் எண்ணினேன். ‘கவைக்கு உதவாத’ என்ற வழக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டேன்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் சொல்லை மட்டும் காட்டினேன். ‘மனத்தைக் கவரும் பெயரா?’ என்று கேட்டாள். தபால் கவரை நினைக்கிறவர்களும் இருப்பார்கள். பட்டியலோடு சேர்த்துக் காட்டியபோது அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘disambiguation’ என்ற நீண்ட சொல்லையும் யாரோ ஒருமுறை விளக்கித்தான் நாம் எல்லோரும் தெரிந்துகொண்டோம். பக்கத்தின் தலையில் ஒரு வரி போதும்: ‘இது கவர்பெயர்ப் பக்கம். எல்லிஸ் என்ற பெயரால் குறிக்கப்படுவோரும் குறிக்கப்படுபவையும் கீழே.’ உயர்திணை, அஃறிணை இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்த வாக்கியத்தைவிடச் சுருக்கமான வழி யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். பகர ஒற்று மிகுவது சரிதானா என்று இலக்கணம் அறிந்தவர்களும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் முடிவு செய்யாமல் உங்களிடம் விடுகிறேன். 1936 முதல் 1950 வரை தமிழ்ப்படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனுக்கு எல்லிஸ் என்பது குடும்பப்பெயர் அல்ல, இடுபெயர். ஆங்கில எழுத்தாளர் எமிலி பிராண்டே 1846இல் கவிதை வெளியிட்ட ‘எல்லிஸ் பெல்’ என்ற புனைபெயரும் அப்படியே. குடும்பப்பெயர்ப் பட்டியல் என்றால் இருவரும் வெளியே நிற்க வேண்டும். கவர்பெயர்ப் பக்கம் என்றால் உள்ளே வரலாம். நம் வழக்கில் மனிதரைக் குறிப்பது இடுபெயர்தான், முன்னால் நிற்பது தந்தை பெயரின் முதலெழுத்து. தமிழில் தேடுகிறவர் ‘எல்லிஸ்’ என்று மட்டும் தட்டினால் டங்கனைத்தான் தேடுகிறார் என்பதற்கும் இடமுண்டு. ஆகவே இப்போதைக்கு இருவரையும் பட்டியலின் கடைசியில், ‘இடுபெயராக’ என்ற சிறுதலைப்பின்கீழ் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். அன்று மாலை பக்கத்தை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்